வாசல் தெளித்துவிட்டுப் போன பனி

நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் வந்து இறங்கும் தமிழர்களில் பலர் அந்த வாரமே ஃபிளஷிங் பிள்ளையாரைப் பார்த்துவிடுவார்கள். 1977இல் குடமுழுக்குக் கண்ட கோயில். கீழ்த்தளத்து கேன்டீன் தோசைக்கும் அந்த பக்தியில் பங்கு உண்டு. விமான நிலையத்திலிருந்து கார் வடக்கு நோக்கி ஓடும். முதலில் கடலோரச் சமவெளி, பிறகு ஜமைக்கா, அப்புறம் கியூ கார்டன்ஸ் பக்கம் ஒரு மேட்டுத் தொடர், அதைத் தாண்டினால் ஃபிளஷிங். அந்த மேட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கும்படி அதில் ஒன்றும் இல்லை. மரங்களும் அடுக்குமாடிகளும் கல்லறைத் தோட்டங்களும்தான். ஆனால் அதன் மேலே கிடக்கும் பேட்டைகளின் பெயர்கள் காட்டிக்கொடுத்துவிடும். பே ரிட்ஜ், பார்க் ஸ்லோப், ஃபாரஸ்ட் ஹில்ஸ், ஜமைக்கா ஹில்ஸ். தட்டையான ஊரில் குறுக்கே போட்ட வரப்பு மாதிரி, ஸ்டேட்டன் தீவில் தொடங்கி புரூக்ளின், குவீன்ஸ் வழியாக லாங் தீவுக்குள் போகிறது அந்த மேடு.

கனடாவிலிருந்து புறப்பட்ட பனி வந்து நின்ற எல்லை அது. ஹட்சன் விரிகுடாப் பக்கம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தடிமனுக்குக் குவிந்திருந்த பனிவிரிப்பு, தன் எடையைத் தானே தாங்காமல் நாலாபுறமும் பிதுங்கி வழிந்தது. அதன் தென்கிழக்கு விளிம்பு புரூக்ளினில் நின்றது. வழியில் வாரிச் சுருட்டிய மண், மணல், கூழாங்கல், வீட்டளவுப் பாறை எல்லாவற்றையும் அந்த விளிம்பில் கொட்டியது. இப்படிக் குவிந்த மேட்டுக்குப் புவியியலாளர்கள் மொரைன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஃபிளஷிங் மேட்டுக்கு வடக்கே இருக்கிறது; பிள்ளையார் அன்று அங்கே இருந்திருந்தால் பனிக்கு அடியில்தான் இருந்திருப்பார். தெற்கே இருப்பது, உருகி ஓடிய தண்ணீர் மணலைப் பரப்பிப்போட்ட வெளி.

ஆக, பனி எதுவரை வந்தது என்று கேட்டால் நியூயார்க்கில் ஒரு தெருவைக் காட்டிப் பதில் சொல்லலாம். எப்போது வந்தது, எப்போது போனது என்று கேட்டால்தான் தகராறு. அந்த நகரத்துக்கு எட்டிய தூரத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரே ஆய்வு நிலையத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் வந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே 8,000 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ராஜராஜன் காலத்திலிருந்து இன்றுவரை ஆனதைப்போல எட்டு மடங்கு. அந்த வழக்குக்குப் பிறகு வருவோம். அதற்கு முன், இல்லாமல் போன பனிக்கு வரைபடம் போடும் வேலை எப்படித் தொடங்கியது என்று பார்த்துவிடலாம்.

வேட்டைக்காரர் சொன்ன சேதி

சுவிட்சர்லாந்தின் பான் பள்ளத்தாக்கில் லூர்த்தியே என்று ஒரு மலையூர். ஜான் பியர் பெரோடான் அந்த ஊர்க்காரர், மலையாடு வேட்டையாடுபவர். 1815இல் ஒரு நாள், உப்புச் சுரங்க நிர்வாகியான ஜான் த ஷார்பாந்தியே பனியாறுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இவர் குடிசையில் இரவு தங்கினார். பேச்சு நீண்டது. நம் பனியாறுகள் முன்பு இதைவிட மிகப் பெரிதாக இருந்தன, இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் நிரப்பிக்கொண்டு மார்த்தினி ஊர்வரை போயிருந்தன என்றார் பெரோடான். ஆதாரம்? மலைச்சரிவில் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் பாறைகள். இத்தனை பெரிய கல்லைத் தண்ணீர் அங்கே கொண்டுபோய் வைத்திருக்க முடியாது. படித்தவரான ஷார்பாந்தியேவுக்கு இது யோசிக்கக்கூடத் தகாத பேச்சாகப் பட்டது. அதை அவரே பிற்பாடு எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே மனிதரை எனக்குப் பிடிக்கும்.

மூன்று ஆண்டு கழித்து அதே பள்ளத்தாக்கில் சாவு விழுந்தது. ஜியேத்ரோ பனியாற்றிலிருந்து சரிந்த பனிக்கட்டிகள் ஆற்றை அணைபோட்டு அடைத்துவிட்டன. பின்னால் ஏரி பெருகியது. இக்னாஸ் வெனெட்ஸ் என்ற பொறியாளர் பனி அணையைக் குடைந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிட்டார். முழுதாக வடிவதற்குள், 1818 ஜூன் 16 அன்று அணை உடைந்து 40 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த வேலைக்காக அங்கேயே கிடந்த வெனெட்ஸுக்கு பெரோடானோடு பழக்கம் ஏற்பட்டது. வேட்டைக்காரர் காட்டிய கற்களை அவர் போய்ப் பார்த்தார், நம்பினார். 1829இல் அறிஞர் அவையில் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை, ஷார்பாந்தியே ஒருவரைத் தவிர. நண்பரின் பிழையைத் திருத்தக் கிளம்பிய ஷார்பாந்தியே, மலைமலையாய் அலைந்துவிட்டு நண்பர் சொன்னதே சரி என்று திரும்பி வந்தார்.

அடுத்து, 1836 கோடையில் ஷார்பாந்தியேவின் பிழையைத் திருத்த வந்தவர் லூயி அகாசி, மீன் புதைபடிவங்களில் கொடிகட்டிப் பறந்த இளைஞர். அவருக்கும் அதே கதிதான். 1837 ஜூலை 24 அன்று நியூஷாத்தெல் நகரில் கூடிய அறிவியல் அவை, தலைவர் அகாசி மீனைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தது. அவர் பனியைப் பற்றிப் பேசினார். அந்த ஊருக்கு மேலே யூரா மலைச் சரிவில் பியர் ஆ போ என்றொரு பெரிய கருங்கல் பாறை கிடக்கிறது. யூரா முழுக்கச் சுண்ணாம்புக்கல். இந்தக் கருங்கல்லோ 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மோன் பிளாங்க் மலைத்தொகுதியைச் சேர்ந்தது. சொந்த ஊர் ஓரிடம், குடியிருப்பு வேறிடம். பனி சுமந்து வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு மாமல்லபுரத்து வெண்ணெய்ப் பந்து ஞாபகத்துக்கு வரும். அதைப் பனி உருட்டி வந்து வைக்கவில்லை. அந்தப் பாறையும் அது உட்கார்ந்திருக்கும் பாறையும் ஒரே கல். வெயிலும் மழையும் விரிசல்களைத் தின்று தின்று, நடுவில் மிஞ்சியதை உருண்டையாக்கிவிட்டன. வெப்ப நாடுகளில் கல் இப்படித்தான் தேயும். இந்த வேறுபாடு தெரியாமல் சறுக்கியவர் சாதாரண ஆளில்லை, அகாசியே. அமெரிக்காவில் குடியேறிய பிறகு 1865இல் பிரேசிலுக்குப் போனார். அங்கே செம்மண்ணும் உருண்டைப் பாறைகளும் கண்ணில் பட்டன. அமேசான் முழுக்கப் பனி மூடியிருந்தது என்று அறிவித்துவிட்டார். ஒரு முறை சரியாகச் சொன்ன வாய்க்கு எங்கே பார்த்தாலும் அதே தெரிந்தது. (மனித இனங்களைப் பற்றி அவர் பரப்பிய கருத்துகள் இதைவிடக் கேவலமானவை, அது தனிக் கதை.)

வரைபடக் கலை அதன் பிறகு நிதானமாக வளர்ந்தது. பனி தன் அடிவயிற்றில் பதித்துக்கொண்டு இழுக்கும் கற்கள் தரைப்பாறையில் கீறல் போடும். கீறல் ஓடும் திசை பனி ஓடிய திசை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் அம்பயர் பாறையில் அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்க்கலாம். 1875 நவம்பர் 3 அன்று ஸ்வீடன்காரர் ஓட்டோ தோரெல், பெர்லினுக்குப் பக்கத்தில் ருடெர்ஸ்டோர்ஃப் சுண்ணாம்புக்கல் குவாரியில் அப்படிப்பட்ட கீறல்களைக் காட்டினார். வட ஜெர்மனியில் கிடந்த ஸ்காண்டிநேவியக் கற்களைக் கடலில் மிதந்து வந்த பனிப்பாறைகள் போட்டுப் போயின என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். மிதந்து வருவது தரையை இவ்வளவு ஒழுங்காகக் கீறாது. பால்டிக் கடல் படுகையையே நிரப்பிக்கொண்டு பனி நடந்து வந்திருக்கிறது என்பதை ஒரே நாளில் ஒரு குவாரி சொல்லிவிட்டது.

பனியின் நீள அகலம் இப்படிக் கிடைத்தது. தடிமன்? அதற்குத் தரை மேலெழும்புவதைப் பார்த்தார்கள். பஞ்சு மெத்தையில் உட்கார்ந்து எழுந்தால் அமுங்கின இடம் மெல்ல மேலே வருமல்லவா, அதுபோலப் பனியின் சுமை இறங்கிய நிலம் இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. ஸ்வீடனின் ஹோகா குஸ்தென் கரையில், பனி விலகியபோது அலை அடித்த இடம் இன்றைக்குக் கடல் மட்டத்திலிருந்து 285 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

நேற்றைய கோலம் எங்கே?

இதுவரை ஒரே ஒரு பனி வருகையைப் பற்றித்தான் பேசினோம். எத்தனை முறை வந்தது?

ஆல்ப்ஸின் வடபுற ஆறுகளை அலசி ஆராய்ந்த ஆல்பிரெக்ட் பெங்க்கும் எட்வர்ட் புருக்னரும் 1909இல் நான்கு என்றார்கள். கியுன்ஸ், மிண்டல், ரிஸ், வுர்ம் என்று நான்கு சிற்றாறுகளின் பெயரையே நான்கு பனிக்காலங்களுக்கும் வைத்தார்கள். அமெரிக்காவிலும் எண்ணிப் பார்த்து நான்கு என்றார்கள். நான்குக்கு நான்கு சரியாக இருந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. அரை நூற்றாண்டுக்கு மேல் பாடப்புத்தகங்களில் அந்த நான்கு பெயர்கள் குடியிருந்தன.

சிக்கல் என்னவென்றால், பனி தன் சாட்சியத்தைத் தானே அழிக்கும். வாசல் தெளித்துக் கோலம் போடுவதுபோலத்தான். இன்று காலை பெரிய கோலம் போட்டாயிற்று என்றால் நேற்றைய கோலத்தின் புள்ளிகூட மிஞ்சாது. இன்று அவசரத்தில் சின்னக் கோலமாகப் போட்டுவிட்டால், தெளித்த ஈரம் எட்டாத ஓரத்தில் நேற்றைய இழை ஒன்றிரண்டு தென்படும். நிலத்தில் பனிக்காலங்களை எண்ணுவது அந்த ஓரத்து இழைகளை எண்ணுவது. நான்கு இழை தெரிந்தது, நான்கு நாள் கோலம் போட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

கூட்டிப் பெருக்காத ஓர் இடம் வேண்டும். அது ஆழ்கடலின் அடியில் இருந்தது. அங்கே ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம், யாரும் கலைக்காமல் சேறு படிந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சேற்றில் போராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் கலந்திருக்கும். கடல்நீரில் ஆக்சிஜன் இரண்டு முக்கிய வகையில் இருக்கிறது, எடை குறைந்த 16, எடை மிகுந்த 18. ஆவியாவதில் எடை குறைந்தது முந்திக்கொள்ளும். சாதாரண நாட்களில் அது மழையாகப் பெய்து ஆறாக ஓடிக் கடலுக்கே திரும்பிவிடும், கணக்கு நேராகிவிடும். பனிக்காலத்தில் திரும்பாது, பனியாக மலைபோல் நிலத்தில் தங்கிவிடும். கடலில் 18இன் பங்கு கூடும். அந்தத் தண்ணீரில் வாழ்ந்த உயிர் அந்த விகிதத்தையே தன் ஓட்டில் எழுதிவைத்துவிட்டு மடியும். நிலத்தில் பனி எவ்வளவு கிடந்தது என்ற வரவுசெலவு இப்படிக் கடலடிச் சேற்றில் வரி வரியாகப் பதிவாகியிருக்கிறது.

1955இல் செசாரே எமிலியானி இந்தக் கணக்கைப் படிக்கத் தொடங்கினார், ஆனால் கடலின் வெப்பநிலை ஏறி இறங்கியதாகப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டார். அதில் பெரும்பகுதி பனியின் கனஅளவே என்று 1967இல் வாதிட்டவர் கேம்பிரிட்ஜின் நிக் ஷாக்கிள்டன். 1973இல் ஷாக்கிள்டனும் நீல் ஓப்டைக்கும் மேற்குப் பசிபிக்கிலிருந்து எடுத்த ஒரு சேற்றுத் தண்டை அலசினார்கள். பூமியின் காந்தப்புலம் தலைகீழாகப் புரண்ட குறி அதில் இருந்தது. அது ஏறக்குறைய 7,80,000 ஆண்டுக்கு முந்தையது என்பதால் கணக்குப்புத்தகத்துக்குத் தேதி கிடைத்துவிட்டது. நான்கு பனிக்காலம் என்ற கோட்டை அதோடு இடிந்தது. கடந்த 26 லட்சம் ஆண்டுகளில் ஏறக்குறைய ஐம்பது முறை பனி கூடிக் குறைந்திருக்கிறது என்பது இன்றைய கணக்கு.

1976இல் ஷாக்கிள்டனும் ஜேம்ஸ் ஹேஸும் ஜான் இம்ப்ரியும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இத்துறையின் திருப்புமுனை. அதற்கு உதவிய இரண்டு சேற்றுத் தண்டுகளும் நம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எடுத்தவை. பனியின் ஏற்ற இறக்கத்தில் மூன்று தாளங்கள் கேட்டன. ஏறக்குறைய 23,000, 41,000, 1,00,000 ஆண்டுகள். பூமியின் அச்சு பம்பரம்போல் தலை சுற்றுவது, அச்சின் சாய்வு கூடிக் குறைவது, சுற்றுப்பாதை வட்டத்திலிருந்து நீள்வது ஆகிய மூன்றின் தாளங்கள் அவை.

இதைத் தாளில் போட்டுப் பார்த்தவர்கள் இருவர் முன்பே இருந்தார்கள். ஒருவர் ஜேம்ஸ் குரோல். ஆலைத் தச்சர், தேயிலைக் கடைக்காரர், காப்பீட்டு முகவர் என்று எதிலும் நிலைக்காமல் கடைசியில் கிளாஸ்கோவில் ஒரு கல்லூரி அருங்காட்சியகத்தில் காவலராகச் சேர்ந்தவர். அங்கே நூலகம் இருந்தது, நேரமும் இருந்தது. 1864இல் பனிக்காலத்தைச் சுற்றுப்பாதையோடு இணைத்துக் கட்டுரை எழுதினார். இன்னொருவர் செர்பியக் கணிதர் மிலுட்டின் மிலன்கோவிச். 1914இல் தேனிலவுக்குப் போன இடத்தில் போர் மூண்டு கைதாகி, புடாபெஸ்டில் காவலில் இருந்தபடியே கணக்குப் போட்டவர்; முழுக் கணக்கும் 1941இல் நூலாக வந்தது. சேறு அவர்களுக்குச் சாட்சி சொன்னபோது இருவரும் உயிரோடு இல்லை.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை பனி 41,000 ஆண்டுத் தாளத்தில் வந்துபோனது. அதன் பிறகு 1,00,000 ஆண்டுத் தாளத்துக்கு மாறிக்கொண்டது. சுற்றுப்பாதையில் அப்போது எதுவும் மாறவில்லை. இந்த மாற்றத்தின்போது காற்றில் என்ன இருந்தது என்று பார்க்கத்தான் ஐரோப்பியக் குழு அன்டார்டிகாவில் 2,800 மீட்டர் ஆழம் துளைத்து, 12 லட்சம் ஆண்டுப் பழைய பனித்தண்டை எடுத்திருக்கிறது. 2025 ஜனவரியில் அறிவித்தார்கள்.

கல்லைக் கேட்டால் தேதி சொல்லுமா

கடல், உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரே மொத்தக் கணக்குதான் தரும். புரூக்ளின் மேடு எந்த நாளைச் சேர்ந்தது என்று அதைக் கேட்க முடியாது. நிலத்தில் கிடப்பதற்கு நிலத்திலேயே தேதி தேட வேண்டும்.

முதலில் தேதி சொன்னது களிமண். ஸ்வீடனின் யெரார்த் த யேர் 1878இல் ஒன்றைக் கவனித்தார். பனியாற்றின் முன்னால் தேங்கிய நீரில், கோடையில் உருகும் தண்ணீர் தடித்த வெளிர் மணலைக் கொண்டுவந்து போடும். குளிர்காலத்தில் நீர் உறைந்து அசையாமல் நிற்க, மிக மெல்லிய கரிய களி மெதுவாகப் படியும். வெளிர், கருப்பு இரண்டும் சேர்ந்து ஓர் ஆண்டு. மரத்தை வெட்டி வளையம் எண்ணுவதுபோல இந்தப் பட்டைகளை எண்ணலாம். ஒரு செங்கல் குழியில் பார்த்த பட்டை வரிசையை அடுத்த ஊர்க் குழியில் அடையாளம் கண்டு, ஊர் ஊராகக் கோத்து, பனி ஆண்டுக்கு எத்தனை மீட்டர் பின்வாங்கியது என்பதுவரை சொன்னார். 1910இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகப் புவியியல் மாநாட்டில் அவர் முன்வைத்தது 12,000 ஆண்டுக் கணக்கு. கணக்கை நிகழ்காலத்தோடு முடிச்சுப்போட அவருக்கு உதவியது ஒரு விபத்து. 1796 ஜூனில் ரகுண்டா ஏரியிலிருந்து மரம் மிதக்கவிடக் கால்வாய் வெட்டப்போய், கரை அறுத்துக்கொண்டு ஓர் இரவில் ஏரியே காலியாகிவிட்டது. வெட்டவைத்தவர் பெயர் கெட்டது. ஆனால் ஏரிப் படுகையின் பட்டைகள் வெளியே தெரிந்தன, கடைசிப் பட்டைக்கு ஆண்டும் தேதியும் எழுதிவைத்ததுபோல.

1949இல் வில்லர்ட் லிபி கார்பன் 14 முறையைக் கொண்டுவந்தார். செத்த மரத்தின் வயதைச் சொல்லும் இந்த முறைக்கு முதல் சோதனைகளில் ஒன்று, விஸ்கான்சினின் டூ கிரீக்ஸ் என்ற இடத்தில் பனி மறுபடி முன்னேறி வந்து சாய்த்துப் புதைத்த ஸ்ப்ரூஸ் காடு. 25,000 ஆண்டு இருக்கும் என்று மதித்திருந்தார்கள்; கார்பன் அதில் பாதிக்கும் குறைவாகச் சொன்னது. திருத்தங்களுக்குப் பிறகு இன்றைய கணக்கு சுமார் 13,700 ஆண்டு. கார்பன் முறைக்கு இரண்டு குறை. 50,000 ஆண்டுக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. அதைவிட, அதற்கு உயிர்ப்பொருள் வேண்டும். பனி விளிம்பில் புல்லுக்கும் மரத்துக்கும் எங்கே போவது?

மிஞ்சுவது கல். கல்லுக்குத் தேதி கேட்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் மனிதர்கள் கண்டுபிடித்த கடிகாரங்களில் இதைப்போல அழகானது வேறில்லை என்று நினைக்கிறேன்.

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பொழிகின்றன. அவை காற்றில் மோதிச் சிதறும்போது பிறக்கும் நியூட்ரான்கள் தரைக்கு வந்து பாறையில் பாய்கின்றன. பாறையில் உள்ள குவார்ட்ஸில் ஒரு ஆக்சிஜன் அணுவை அவற்றில் ஒன்று உடைத்தால், எப்போதாவது பெரிலியம் 10 என்ற அணு உண்டாகும். பாறைக்குள் இது வேறு எப்படியும் எளிதில் வராது. கடல் மட்டத்தில், ஒரு கிராம் குவார்ட்ஸில், ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கே நான்கு அணு. கோயில் உண்டியலில் ஆண்டுக்கு நாலு காசு போடுவதுபோல. பனிக்கு அடியில் கிடக்கும்வரை உண்டியல் மூடியே இருக்கும், கதிர் எட்டாது. பனி பாறையை மேட்டில் இறக்கிவைத்துவிட்டு விலகிய நாளில் வாய் திறக்கும். 20,000 ஆண்டு கழித்து உண்டியலை உடைத்தால் கிராமுக்கு 80,000 அணு இருக்க வேண்டும். கேட்க நிறையத் தெரியும். அந்த ஒரு கிராமில் உள்ள மொத்த ஆக்சிஜன் அணுக்களை எழுத 2க்குப் பின்னால் 22 பூஜ்யம் போட வேண்டும். நெற்களஞ்சியத்தில் கடுகு தேடுவது என்றால் கடுகு கோபித்துக்கொள்ளும்.

வேலையோ முரட்டு வேலை. மேட்டின்மீது அசையாமல் உட்கார்ந்திருக்கும், ஆள் உயரத்துக்குக் குறையாத பாறையாகத் தேர்ந்தெடுப்பார்கள். உச்சியில் ஏறி, சுத்தியலும் உளியும் கொண்டு மேல்தோலில் இரண்டு மூன்று விரற்கடை கனத்துக்குப் பெயர்ப்பார்கள். சுற்றியுள்ள மலைகள் வானத்தை எவ்வளவு மறைக்கின்றன என்று அளந்து கழிப்பார்கள். ஆய்வகத்தில் இடித்துச் சலித்து, கடும் அமிலத்தில் மற்றக் கனிமங்களைக் கரைத்துவிட்டு, குவார்ட்ஸை மட்டும் பிரித்து, அதையும் கரைத்து, பெரிலியத்தைத் தனியாக்கி, துகள் முடுக்கி ஒன்றில் வைத்து அணு அணுவாக எண்ணுவார்கள். ஒரு கல்லுக்கு ஒரு வயது கிடைக்க மாதங்கள் ஆகும்.

அந்த வயதும் பொய் சொல்லலாம். பாறை வந்த பிறகு புரண்டிருந்தால், மண்ணுக்குள் இருந்து பிற்பாடு வெளியே வந்திருந்தால், தோல் உரிந்திருந்தால் வயது குறைத்துக் காட்டும். பனி அதைத் தூக்குவதற்கு முன்பே வெயிலில் கிடந்திருந்தால் பழைய காசும் உண்டியலில் இருக்கும், வயது கூடித் தெரியும். அதனால் ஒரே மேட்டில் ஐந்தாறு பாறைகளையாவது கேட்டு, எது தனித்து உளறுகிறது என்று பார்ப்பார்கள். பஞ்சாயத்தில் சாட்சி விசாரிக்கும் முறைதான்.

இப்போது நியூயார்க் வழக்கு. நியூஜெர்சியின் வட பகுதியில் அதே எல்லை மேட்டில் எடுத்த பாறைகளின் பெரிலியம், பனி அங்கிருந்து பின்வாங்கத் தொடங்கியது சுமார் 25,000 ஆண்டுக்கு முன் என்கிறது. 2012இல், முன்பு சொன்ன ஹட்சன் கரை நிலையத்தின் டோரத்தி பீட்டீட் குழு அதே வட்டாரத்தில், பனி விட்டுச்சென்ற குழிகளில் உண்டான ஏரிகளின் அடிச்சேற்றைத் துளைத்தது. அதில் கிடைத்த மிகப் பழைய இலை, விதைத் துணுக்குகள் கார்பன் முறையில் 16,000 ஆண்டைத் தாண்டவில்லை. பனி விலகிக் குழி தண்ணீர் பிடித்துவிட்டது என்றால், 9,000 ஆண்டு ஒரு பாசிகூட முளைக்கவில்லையா? இரண்டு வழி இருக்கிறது என்றார்கள். பனி நாம் நினைத்ததைவிடப் பல்லாயிரம் ஆண்டு தாமதமாகப் போயிருக்க வேண்டும், அல்லது பனி போன பின்னும் நிலம் துருவப்பாலையாக உறைந்தே கிடந்திருக்க வேண்டும். குழிகளில் புதைந்த பனிக்கட்டிகள் கரையாமல் நெடுநாள் கிடந்தன என்பதும் ஒரு யோசனை. எனக்குக் கல்லின் சாட்சியம்தான் கூடுதலாக நம்பும்படி இருக்கிறது. இலை இல்லை என்பதை வைத்துப் பனி இருந்தது என்று சொல்ல முடியாதே. ஆனால் அந்த 9,000 ஆண்டு மௌனத்துக்குக் கல்லிடம் பதில் கிடையாது.

லடாக்கின் ஓரத்து இழைகள்

உலகம் முழுவதும் பனி ஒரே நாளில் உச்சத்தைத் தொட்டது என்று நினைத்திருந்த காலம் உண்டு. கடைசிப் பனியுகத்தின் உச்சம் இன்று 26,500 முதல் 19,000 ஆண்டு முன்புவரை என்று வகுத்திருக்கிறார்கள். அது பெரிய பனிவிரிப்புகளின் கணக்கு. இமயமலை அந்த வரிசையில் நிற்க மறுக்கிறது.

2006இல் லூயிஸ் ஓவென் குழு லேயைச் சுற்றியுள்ள மேடுகளின் பாறைகளைப் பெரிலியம் முறையில் விசாரித்து வெளியிட்ட முடிவு திகைக்கவைத்தது. சிந்துப் பள்ளத்தாக்கில் இறங்கி வந்த மிகப் பழைய பனியின் மேடு 4,30,000 ஆண்டுக்கு மேற்பட்டது. அதற்குப் பிறகு வந்தது அதைவிடச் சிறியது, அதற்கும் பிறகு வந்தது இன்னும் சிறியது. கனடாவில் பனி கொழுத்திருந்த கடைசி உச்சத்தின்போது லடாக் பனியாறுகள் மலைக்கு மேலேயே சுருண்டு கிடந்தன. குளிர் மட்டும் இருந்தால் போதாது, பனியாறு வளரப் பனிப்பொழிவு வேண்டும். மழைமேகம் எட்டாத இடத்தில் குளிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒவ்வொரு கோலமும் முந்தையதைவிடச் சிறிதாகப் போட்டதால், லடாக்கில் பழைய இழைகள் எல்லாம் ஓரத்தில் அப்படியே இருக்கின்றன. நியூயார்க் தொலைத்த ஏட்டை லே பத்திரமாக வைத்திருக்கிறது. பாங்காங் ஏரிக்குப் போகும் வழியில் நம் ஆட்கள் அந்தக் கற்களின்மேல் நின்றுதான் செல்ஃபி எடுக்கிறார்கள்.

இதற்கெல்லாம் வெகு முன்பு இந்தியாவில் பனி இருந்ததற்கு ஒடிசாவின் தால்சேர் சாட்சி. 1856இல் பிளான்ஃபோர்டு சகோதரர்கள் அங்கே நிலக்கரிக்குக் கீழே களியில் பதிந்த பெரும்பாறைகளைக் கண்டு, பனியின் வேலையோ என்று ஐயப்பட்டார்கள். வெப்ப நாட்டில் பனியா என்று சிரித்தவர்களுக்கு, 1872இல் சந்திரப்பூர் பக்கம் பென்கங்கா கரையில் இராய் என்ற ஊரில் கிடைத்த கீறல் விழுந்த தரைப்பாறை பதில் சொன்னது. அது ஏறக்குறைய 30 கோடி ஆண்டுக்கு முந்தைய கதை. இந்தியா அப்போது தென்துருவத்துக்கு அருகில் கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நீலகிரியில் பனியாறு ஓடியதில்லை. ஆனாலும் அது கணக்கு எழுதிவைத்திருக்கிறது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில், சதுப்பில் மக்கி மக்கிப் படிந்த கரிமண்ணை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமாரும் அகமதாபாத் ஆய்வகத்தின் ரமேஷும் தோழர்களும் அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். வறட்சி தாங்கும் புல்வகைகளும் ஈரம் நாடும் செடிகொடிகளும் கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. மக்கிய பிறகும் அந்த வேறுபாடு மண்ணில் நிற்கும். பனி உச்சத்தில் இருந்த நாட்களின் அடுக்கு வறண்ட புல்லைக் காட்டியது. கனடாவில் பனி ஏறியபோது நீலகிரியில் பருவமழை மெலிந்திருக்கிறது.

மழை மெலிந்தது ஒரு பக்கம். கடலும் விலகியது. பனியாகத் தங்கிய தண்ணீர் எல்லாம் கடலிலிருந்து போனதுதானே. பார்படோஸ் தீவில், கடல் மேற்பரப்பை ஒட்டியே வளரும் ஒரு பவளவகையின் பழைய திட்டுகளைக் கடலடியில் துளைத்தெடுத்து, அன்றைய கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது என்று 1989இல் ரிச்சர்ட் ஃபேர்பேங்க்ஸ் காட்டினார். இந்த எண்ணைச் சொன்னதுமே நம்மிடையே சிலர் குமரிக்கண்டத்தின் பட்டாவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். 120 மீட்டர் இறங்கினால் கண்டம் எதுவும் எழாது, கரையோரம் அகலமாகும், அவ்வளவே. ஆனால் ஓர் இடத்தில் அந்த அகலம் விஷயமாகிறது. பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டுவதில்லை. ஃபிளஷிங்குக்கு மேல் பனி கிடந்த அந்த நாட்களில், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம்.